சிங்கம்புணரிப் பக்கம் சொல்லிச் செய்த மூங்கில் ஊத்தா: பிடித்துப் பார்த்தபின் என் மதிப்பீடு

இந்தக் கோடைக்கு எனக்கென்று ஒரு மூங்கில் ஊத்தா பின்னச் சொல்லி வாங்கினேன். விலை 750 ரூபாய். மாசிக் கடைசியில் சொல்லி வைத்தேன், பங்குனியில் கைக்கு வந்தது. சித்திரையில் எங்கள் ஊர்க் கண்மாய் மீன்பிடித் திருவிழாவில் விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை அதை வைத்தே பிடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் யாரிடம், எப்படிச் சொல்லி வாங்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிறந்த ஊர் சிங்கம்புணரிக்குப் பக்கத்தில், பிரான்மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு கிராமம். எங்கே போனாலும் கைப்பையில் டேப் இருக்கும் என்பதால், கீழே தருகிற அளவெல்லாம் அளந்து எழுதியவை.

ஊத்தா தெரியாதவர்களுக்கு: மேலும் கீழும் திறந்த கூடை அது. கீழ்வாய் அகலம், மேல்வாய் குறுகல். முழங்கால் முதல் தொடை அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே அதைச் சேற்றில் சட்டென்று குத்தி நிறுத்த வேண்டும். மீன் உள்ளே மாட்டியிருந்தால் சிம்புகளில், அதாவது கூடையின் மூங்கில் குச்சிகளில், முட்டும், அந்த அதிர்வு கைக்குத் தெரியும். உடனே மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டியதுதான். இரை கிடையாது, முள் கிடையாது. இதே கூடையைக் கேரளத்தில் ஒற்றால் என்கிறார்கள். அசாமில் தை மாதத்து போகாலி பிகு சமயம் ஊரே இறங்கி மீன் பிடிக்கும்போதும் இதே மாதிரிக் கூடையைத்தான் குத்துகிறார்கள்.

எங்கள் சிவகங்கைப் பக்கமும், புதுக்கோட்டை, மேலூர், நத்தம் பக்கமும் கோடையில் கண்மாய் வற்றும்போது இந்தத் திருவிழா நடக்கும். முன்பு தண்டோரா போட்டுச் சொன்னார்கள், இப்போது வாட்ஸ்அப்பில் தேதி வருகிறது. சுற்றுப்பட்டு ஊர் ஆட்களெல்லாம் இருட்டோடு வந்து கரையில் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக நிற்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுக் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசியதும் நாலு பக்கத்திலிருந்தும் மொத்தக் கூட்டமும் இறங்கும். பிடித்த மீனை விற்பதில்லை. வீட்டில் குழம்பு வைத்து, வராதவர்கள் வீட்டுக்கும் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த வருசம் மழை பெய்யும் என்பது நம்பிக்கை.

கூட்டம் ஒரு வேடிக்கைக்காக மட்டும் வருவதில்லை, மீன் பிடிபடுவதே கூட்டத்தால்தான். நூற்றுக்கணக்கான கால்கள் மிதித்துச் சேற்றைக் கலக்கினால் தண்ணீர் குழம்பாகிவிடும். கட்லா, ரோகு, கெண்டை எல்லாம் செவுளில் சேறு அடைத்து மூச்சுக்குத் திணறி மேலே வந்துவிடும். அவற்றை வலைக்காரர்களும் கூடைக்காரர்களும் அள்ளிவிடுவார்கள். விரால் வேறு ஜாதி. அது நேராகக் காற்றை உறிஞ்சி மூச்சுவிடக் கூடியது. ஒரு தரம் மேலே வந்து வாயைத் திறந்து காற்றை வாங்கிக்கொண்டு மறுபடி சேற்றுக்குள் போய்ப் படுத்துவிடும். அதை எடுக்க ஊத்தாதான் சரியான கருவி. தலை தெரிந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, அது திரும்பும் பக்கம் ஒரு முழம் தள்ளிக் குத்த வேண்டும் என்று என் ஐயா சொல்லிக்கொடுத்தார். அப்பாவைப் பெற்றவர். பெண் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று அப்பத்தா சத்தம் போட்டபோதும் என்னைக் கரையில் நிற்கவிடாமல் கூடவே இறக்கியவர் அவர்.

சரி, ஊத்தாவுக்கு வருகிறேன்.

இதைச் செய்து கொடுத்தது கூடை, முறம், தட்டு பின்னுகிற ஒரு குடும்பம். கடை, போர்டு ஒன்றும் கிடையாது. வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பின்னி, சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறார்கள். வீட்டுப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கோழிக்கூடைதான் இப்போது அதிகம் போகிறதாம், ஊத்தா கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம். நான் விலை கேட்பதற்கு முன் அவர் கேட்டார்:

"எந்தக் கம்மாய்க்குத் தாயி?"

சொன்னேன்.

"அது களி மண்ணுல்ல. சிம்பு முனை கொஞ்சம் நீளமா விடணும். நீ இறங்கப் போறியா, ஆம்பளையா?"

"நான்தான் இறங்கப் போறேன் ஐயா."

கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். முழங்கைக்கு மேல் எவ்வளவு பருமன் என்று பார்த்து மேல்வாயை முடிவு செய்தார். ரவிக்கைக்குக் கையளவு எடுக்கும்போது நானும் இதைத்தான் செய்கிறேன், அதனால் அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆளுக்கு அளந்து செய்கிற பொருள் ஆளுக்கு உழைக்கும்.

வந்து சேர்ந்த ஊத்தாவின் அளவுகள் இவை. உயரம் 28 இன்ச். கீழ்வாய் குறுக்களவு 24 இன்ச். மேல்வாய் 7 இன்ச், விளிம்பில் பிளந்த மூங்கிலைச் சுற்றி நைலான் கயிறு இறுக்கி வரிந்திருக்கிறது. கையை உள்ளே விட்டு எடுக்கும்போது எங்கும் சிராய்க்கவில்லை. உள்ளே மூன்று, வெளியே மூன்று என வளையங்கள். கடைசி வளையத்துக்குக் கீழே 3 இன்ச் சிம்பு நீட்டிக்கொண்டு, முனை சீவிக் கூராக இருக்கிறது. இந்த மூன்று இன்ச்தான் களிமண்ணில் பிடித்துக்கொண்டு நிற்கும். இது குறைந்தால் விரால் அடியில் நெம்பிக்கொண்டு போய்விடும்.

பின்னலில் நான் அசந்து பார்த்த இடம் ஒன்று உண்டு. மேலே குறுகி, கீழே இவ்வளவு விரிகிற கூடையில் சிம்புகளுக்கு நடுவிலுள்ள சந்தும் கீழே போகப் போக விரியத்தானே செய்யும்? அதற்காகப் பாதி உயரத்திலிருந்து கீழே இடைச்சிம்புகள் கொடுத்திருக்கிறார். குடைப் பாவாடையில் கீழ்ச் சுற்றுக்குத் துண்டு வைத்துத் தைப்பதைப் போல. அதனால் மேலிருந்து கீழ்வரை சந்து கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கிறது. அந்த அளவையும் அவரே சொன்னார்: "நடுவிரல் போகணும், கட்டைவிரல் போகக் கூடாது. குஞ்சு வெளிய போயிரணும்."

கண்மாய்தான் வற்றப் போகிறதே, குஞ்சு தப்பி என்ன செய்யும் என்று என் மகள் கேட்டாள். எங்கள் கண்மாயில் மடைக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. மோசமான கோடையில்கூட அங்கே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். தப்பின குஞ்சுகள் அங்கே போய்ச் சேர்ந்து மழை வரைக்கும் தாக்குப்பிடிக்கும். அதில் யாரும் இறங்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடே இருந்தது. மழைக்காலத்தில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரு கூட்டமாகத் தண்ணீர் மேல் மிதந்து போகும், தாயும் தகப்பனும் அடியில் காவலுக்கு வரும். குஞ்சு காக்கிற விராலுக்குத் தூண்டில் போட்டால் ஐயாவுக்குக் கோபம் வரும். அவர் திட்டி நான் கேட்ட ஒரே சமயம் அதுதான், அதுவும் சித்தப்பாவை.

இப்போது ஒப்பீடு. இதற்கு முன் என்னிடம் இருந்தது இரும்பு வளையத்தில் நைலான் வலை கட்டிய ஊத்தா. ஒரு டவுன் கடையில் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்ததை வாங்கியது. விலையில் இருநூறு ரூபாய் குறைவு. இப்போது திருவிழாவுக்குப் போனால் பாதிக்குப் பாதி அந்த வகைதான் தெரிகிறது. அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது, மடக்கிப் பைக்கில் கட்டிக்கொண்டு போகலாம், பூச்சி அரிக்காது. ஆனால் வளையத்தில் பற்றவைத்த இடம் ஒரே கோடையில் துருப்பிடித்துவிட்டது. சீமைக்கருவேல முள் மாட்டினால் வலை கிழியும். முக்கியமாக, மீன் முட்டுவது கைக்குத் தெரியவே தெரியாது. வலை தொளதொளவென்று வாங்கிக்கொள்ளும். மூங்கிலில் ஒரு சின்னக் கெளுத்தி உரசினாலும் மேல்விளிம்பைப் பிடித்திருக்கும் உள்ளங்கையில் தெரிகிறது. கலங்கின தண்ணீரில் கண்ணுக்கு வேலையே இல்லை என்பதால் இந்த ஒரு விஷயத்துக்காகவே மூங்கிலுக்கு இன்னும் இருநூறு கூடக் கொடுக்கலாம். அப்புறம், கடை ஊத்தாவின் வலைக்கண் மிகச் சின்னது. விரல் நீளக் குஞ்சும் உள்ளேயே கிடக்கும்.

திருவிழாவன்று மூங்கில் ஊத்தா எப்படி நடந்துகொண்டது? காய்ந்த நிலையில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை. நனைந்தபின் கூடத்தான் செய்தது, ஆனால் அந்தக் கனமே குத்துவதற்கு உதவியது, கையால் அழுத்தத் தேவைப்படவில்லை. களிமண்ணில் நின்ற நிலை அருமை. நல்ல கனத்த விரால் ஒன்று உள்ளே போய் மூர்க்கமாக முட்டியபோதும் ஊத்தா அசையவில்லை. கையை விட்டு, முதுகைத் தடவிக்கொண்டே தலைக்கு வந்து, தலையைச் சேற்றோடு அழுத்திச் செவுளில் விரல் கொடுத்துத் தூக்கினேன். இப்படித் தடவித்தான் வர வேண்டும், அவசரப்படக் கூடாது. உள்ளே இருப்பது கெளுத்தியாக இருந்தால் பக்கத்துச் செட்டை முள் கையில் ஏறிவிடும், கடுப்பு ராத்திரி வரை போகாது. ஜிலேபி (திலேப்பியா) மீனின் முதுகு முள்ளும் சும்மா விடாது.

ஜிலேபிதான் எல்லாவற்றையும்விட நிறையக் கிடைத்தது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது, இன்று எந்தக் கண்மாயில் குத்தினாலும் முதலில் மாட்டுவது அதுவாக இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் ஊத்தாவிலிருந்து எடுத்தது கருகருவென்று ஒரு ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்ப்பதற்கு இந்தியாவில் 2000-லேயே தடை போட்ட மீன், எந்தப் பண்ணையிலிருந்து வெள்ளத்தில் தப்பி வந்ததோ. நம் விரால் குஞ்சு, குரவை, உளுவை எல்லாவற்றையும் அது விழுங்கும். அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே வயிறு கலங்கியது. ஐயா காலத்தில் குத்திய கண்மாய் இது, உள்ளே இருக்கிற மீன் வேறாகிக்கொண்டே வருகிறது.

அவருடைய ஊத்தா நைலான் பார்க்காதது. கற்றாழை நாரால் கட்டியது. அடுப்படிப் பரணில் கவிழ்த்து வைத்திருப்பார். விறகுப் புகை ஏறி ஏறிக் கறுத்து, வண்டு தொடாமல் வருசக்கணக்கில் இருந்தது. அதே பரணில் ஒரு வளரியும் இருந்தது, பூட்டன் காலத்தது என்பார்கள். எங்கள் சீமையில் மான் காலைப் பார்த்து வீசிய மரத்துண்டு அது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று, பின்னால் அவரையே எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்ற வெள்ளைக்காரத் தளபதி 1830-ல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஐயா வளரி வீசி நான் பார்த்ததில்லை. கௌதாரிக்குக் கண்ணி வைப்பதும், சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டைக்குப் போவதும் அவர் வாலிபத்தில் இருந்தன. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கதைகளை அவர் சொல்லும்போது, எந்தப் புதரில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுவரை வரும்.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதற்கெல்லாம் தடை. தடை நல்லதுதான், காட்டில் மிச்சம் இருப்பதாவது இருக்கட்டும். எங்கள் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, கொள்ளுக்குடிப்பட்டியில் கூடுகட்ட வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத மக்கள் அங்கே வாழ்கிறார்கள். வேட்டைக்குப் போனவர்களும் அவர்களும் ஒரே சீமைக்காரர்கள்தான். ஆனால் ஐயாவின் அந்தக் காது, மண்ணைப் பார்த்துத் தடம் சொல்கிற அந்தக் கண், அவை எனக்கு வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் உட்பட்டு அதில் கொஞ்சத்தையாவது என் மகளுக்குக் கொடுக்க முடிகிற இடம் கண்மாய்தான். 750 ரூபாய் கொடுத்ததும் அதற்காகத்தான்.

அதிலும் இடம் சுருங்குகிறது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் என்று கணக்குச் சொல்வார்கள். மீன் பிடிக்கிற உரிமை மீன் பாசி குத்தகையில் ஒருவருக்குப் போய்விட்ட கண்மாயில் குத்தகைக்காரர்தான் வலை இழுப்பார், ஊர் இறங்க முடியாது. குத்தகை விடாமல் ஊருக்கென்று விட்டுவைக்கிற கண்மாய்கள் இருக்கும்வரைதான் ஊத்தாவுக்கும் வேலை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, கட்டு. சிம்பையும் வளையத்தையும் நைலான் நூலில் கட்டியிருக்கிறார். நூல் நனைந்தால் வழுக்குகிறது. அரைநாள் குத்தியதில் கீழ் வளையத்தில் இரண்டு கட்டுகள் தளர்ந்துவிட்டன. வீட்டுக்கு வந்து சிங்கம்புணரித் தென்னங்கயிற்றைப் பிரித்து மெல்லிசாகத் திரித்து மறுபடி கட்டினேன், அது நனைந்தபின் இறுகிக்கொண்டது. எங்கள் ஊர்ப் பக்கமே கயிறு திரிப்பதற்குப் பேர்போனது, அப்படியிருக்க நைலான் எதற்கு என்று பெரியவரிடம் கேட்டேன். கேட்டால் கயிற்றில் கட்டித் தருவாராம், ஐம்பது ரூபாய் கூட ஆகும். கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, தூக்கிக்கொண்டு போவது. 24 இன்ச் அகலக் கூடையைப் பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர்கள் முகம் சுளிக்கிறார்கள். காலை முதல் பஸ்ஸில் போனால் பிரச்சினை இல்லை. காரில் பின் சீட்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, மீனைப் போட்டு வைக்க இடுப்பில் ஏதாவது வேண்டும். இதோடு வராது. நான் பழைய சிமெண்டுச் சாக்கை வெட்டி நாடா வைத்து ஒரு பை தைத்துக்கொண்டேன். வாயில் சுருக்கு வைத்துத் தைத்தால்தான் விரால் துள்ளி வெளியே வராது. அயிரைக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு ஊத்தா உதவாது, சந்து வழியாக எல்லாம் போய்விடும். அதற்கு வலைத்துணிதான்.

பராமரிப்பு பற்றி. புது ஊத்தாவை ஒரு வாரம் தண்ணீரில் மூழ்கப் போட்டுப் பிறகு நிழலில் காயவிடச் சொன்னார் பெரியவர். மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்து கரைந்து போனால் வண்டு வராது. பின்னுவதற்கு முன் அவரும் மூங்கிலை ஊறப்போட்டுத்தான் எடுக்கிறார், இருந்தாலும் இன்னொரு தரம் செய்வது நல்லது. பயன்படுத்தியபின் சேறு போகக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சிம்பு வெடிக்கும். நம் வீடுகளில் இப்போது விறகடுப்பும் கிடையாது, பரணும் கிடையாது. நான் வேப்பெண்ணெய் தடவித் தையல் கடை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். துணி தைக்க வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். வயதானவர்கள் மட்டும் கேட்பதில்லை, கையை விட்டுப் பார்த்து மேல்வாய் சரியாக இருக்கிறது என்று சொல்கிறார்கள்.

அன்று கிடைத்த விராலை மண்சட்டியில் புளி கரைத்து, பச்சை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தோம். சாம்பலும் கல்லுப்பும் போட்டுக் கல்லில் தேய்த்துக் கழுவினால்தான் அந்த வழுவழுப்பு போகும். அப்பத்தாவுக்குத் தலைத் துண்டு. ஜிலேபியை வறுத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். கயிற்றுக் கட்டோடு வந்திருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன். அடுத்த கோடைக்கு வேண்டுமென்றால் தை பிறந்ததுமே சொல்லி வைத்துவிடுங்கள். பங்குனிக்கு மேல் கோழிக்கூடை வேலை நெருக்கும், அவர்களால் முடியாது. கூடை பின்னுகிறவர்கள் எல்லாருக்கும் ஊத்தா வராது என்பதால் சிங்கம்புணரிச் சந்தையில் விசாரித்துவிட்டுப் போங்கள். போகும்போது எந்தக் கண்மாய், என்ன மண், தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்கும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். யார் குத்தப் போகிறார்களோ அவர்கள் நேரில் போவது நல்லது. என் மகளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறேன். மேல்வாய் 6 இன்ச் போதும் என்கிறார் பெரியவர். வளர்கிற பிள்ளை, ஆறரையாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.